சம்பந்தியிடம் சொல்லாத மாத்திரை

கணபதி பகுதியில் பாலகோபால் வீட்டுக்கு ஒறம்பரையென்று விருந்தாளிகள் வந்தால், உட்கார்ந்து பேசும் நேரத்தைவிடக் கிளம்பும் நேரம் அதிகமாக இருக்கும். அவர்கள் எழுந்ததும் இவரும் எழுவார். கூடத்தில் கொஞ்சம் பேச்சு, படியில் கொஞ்சம், கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம். பஸ்ஸில் வந்தவர்கள் என்றால் நிறுத்தம் வரை கூடவே போய், ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் நின்று விட்டுப்போன நாலு சங்கதியையும் கேட்டு வழியனுப்பிவிட்டுத்தான் திரும்புவார். "உங்க அப்பா ஒறம்பரையைத் தாட்டியுட்டுப்போட்டு வாரதுக்குள்ள நான் அடுத்த வேளைக்கு உலையே வெச்சுருவேன்" என்று பங்காரம்மா மகனிடம் சொல்வாள். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் மனிதருக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே விளங்கவில்லை.

அப்படிப்பட்டவர், ஆடி நோம்பிக்குப் பெண்ணை அழைத்துப் போகப் பவானியிலிருந்து சம்பந்தி வெங்கடபதி வந்த அன்று, நாற்காலியை விட்டு எழவில்லை.

எழக்கூடாது என்று நினைத்திருக்கவில்லை. எழு, எழு என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வெங்கடபதி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் மனைவி பின்னாலேயே போனாள். வைகாசியில் கல்யாணமாகி வந்த மருமகள் மௌனிகா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, போயிட்டு வாரனுங்க."

"சரி கண்ணு" என்றார். ஆசீர்வாதமாகத் தூக்கிய கை பாதி உயரம் போய், திரும்பி மடியில் விழுந்தது.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கார் உடனே நகரவில்லை. யாரோ வருவதற்குக் காத்திருப்பதுபோல என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் போய்விட்டது.

பங்காரம்மா உள்ளே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். "அவரு கார்ல உக்காந்துட்டு வாசப்படியவே பாத்துட்டு இருந்தாருங்க. எனக்கு மொகத்தை எங்க வெச்சுக்கறதுன்னே தெரீல. கால் வலின்னு சொல்லிப்போட்டேன்."

"நெசத்தைச் சொல்லியிருக்கலாம்."

"எதை? எங்கிருந்து ஆரம்பிச்சுச் சொல்றது?"

அவள் கேட்டதும் நியாயம்தான்.

சித்திரையில், பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்த சமயம், ஒரு காலையில் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சுக்குள் பிடிபட்ட கோழி இறக்கை அடித்துக்கொள்வதுபோல் துடித்தது. கடையில் கூட வேலை செய்யும் வேலன்தான் ஆட்டோ பிடித்து அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் பிரத்யுஷா ஈசிஜி காகிதத்தைத் தூக்கிக் காட்டி, இதயத்தின் மேல் அறை தாளம் தப்பி நடுங்குகிறது என்றார். இரண்டு மாத்திரை. ஒன்று, ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமல் காக்க. இன்னொன்று, துடிப்பை அடக்கி நிதானமாக ஓட வைக்க. பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டையும் ஒருவேளைகூட விடக்கூடாது.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போதே பங்காரம்மா முடிவெடுத்துவிட்டாள். மகன் யஷ்வந்தையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"கல்யாணம் முடியறவரைக்கும் சம்பந்தி ஊட்டுக்கு இது தெரிய வேண்டாம். பந்தக்கால் நடற சமயத்துல நெஞ்சு சீக்குன்னா, மருமக காலடி எடுத்து வெக்கறதுக்கு முன்னாடியே மாமனாரைப் படுக்க வெச்சுட்டாள்னு நாலு பேரு பேசுவாங்க. அந்தப் புள்ளைக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அதில் அவள் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை என்றுதான் பாலகோபாலுக்கும் தோன்றியது. பங்காரம்மா இந்த வீட்டுக்கு வந்த வருஷம் மாமனார் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அந்தப் பேச்சை அவள் பல வருஷம் கேட்டாள்.

கல்யாணம் முடிந்தது. முடிந்தபின் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்போது சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று வரும். அதனால் மௌனிகாவிடம் யஷ்வந்த், "அப்பாவுக்குக் கொஞ்சம் பிரஷர்" என்று மட்டும் சொல்லி வைத்தான். பிரஷர் யாருக்குத்தான் இல்லை? அவள் தலையாட்டிவிட்டு அதை மறந்துவிட்டாள்.

கல்யாண அலைச்சலில் பாலகோபாலின் நாடி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. மறுவீடு முடிந்த வாரம் டாக்டர் துடிப்பை அடக்கும் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். நெஞ்சு அடங்கியது. கூடவே மனிதரும் அடங்கிப்போனார்.

அது தூக்கம் வருகிற அலுப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்டு, மறு கையை நுழைக்கும் முன் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். குளிக்கும்போது வாளித் தண்ணீரில் பாதியை அப்படியே விட்டுவிட்டு வருவார். மாடிக்குப் போவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. கடையில் மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு கம்பி சுற்றினால், எத்தனை சுற்று என்பது பாதியில் நழுவிப் போகும். அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கத் தெம்பிருக்காது.

"ஏனுங்க மொதலாளி, உங்களுக்கு வோல்டேஜ் கம்மியா வருதுங்களா?" என்றார் வேலன்.

"ஆமா வேலா. உறுமுது, சுத்த மாட்டேங்குது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாலகோபாலுக்கு அதற்கே ஒரு களைப்பு வந்தது.

வீட்டில் இது வேறு மாதிரிப் பார்க்கப்பட்டது. பெண் பார்க்கப் போன அன்று பாலகோபால் பேசின பேச்சில் மௌனிகா வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள். "உன்ற மாமனாரு பேசியே உன்னைக் கரைச்சுருவாரு" என்று சித்திகள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால், மாமனார் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காபி கொண்டுபோய்க் கொடுத்தால், "வெச்சுட்டுப் போ கண்ணு" என்கிறார். அவள் முதன்முதலாகத் தனியாகச் சமைத்த அன்று, நாலு வாய் சாப்பிட்டு இலையிலேயே கண் செருகினார். அவள் உப்பு அதிகமாகிவிட்டதோ என்று மூன்று தரம் ருசி பார்த்தாள். அவள் ஆபீஸ் கதை எதையாவது ஆரம்பித்தால் கடைசிவரை கேட்பார், ஆனால் திருப்பி ஒன்றும் கேட்க மாட்டார். கேட்க வேண்டுமென்றால் அடுத்த கேள்வியை யோசிக்க வேண்டும். யோசிப்பதே மூட்டை தூக்குவதாக இருந்தது.

அவள் முகம் சுருங்குவது அவருக்குத் தெரிந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார். நாளைக்கும் இதே உடம்புதான் வந்தது.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. மௌனிகா வரவில்லை. முதலில் அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றார்கள். அப்புறம் அத்தை வீட்டு விசேஷம். அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பதால் லேப்டாப்பையும் எடுத்துப் போயிருந்தாள். பங்காரம்மா போன் செய்தால் நன்றாகத்தான் பேசினாள். எப்போது வருவாய் என்று கேட்டால் மட்டும், "பாக்கறனுங்க அத்தை."

ஒரு நாள் சாப்பிடும்போது யஷ்வந்த் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரவணம்பட்டி பக்கம் ஒரு ஃப்ளாட் பாத்திருக்கேன். ஆபீசுக்கும் பக்கம்."

பங்காரம்மாவின் கை கரண்டியோடு நின்றது. "தனியா போறீங்களா?"

"அவ கேக்கறாம்மா. மாமாவுக்கு என்னைப் புடிக்கலைன்னா நேராச் சொல்லிரட்டும், நான் எதுக்கு அவரு கண்ணு முன்னாடி நடமாடோணும்னு. அவங்க அப்பாவும் அதேதான் சொல்றாரு. எங்களைத் தாட்டியுட எந்திரிச்சுக்கூட வரலை, இதுக்கு மேல என்ன மரியாதைங்கறாரு."

"நீ என்ன சொன்னே?" என்றார் பாலகோபால்.

"என்னத்தைச் சொல்றதுங்கப்பா? பிரஷர்னு சொன்னேன். பிரஷருக்கு வாய் பேச வராதான்னு கேக்கறா."

பாலகோபால் எழுந்து கை கழுவினார். பைப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் இரண்டு மாதம் இந்த வீட்டில் இருந்துவிட்டு, தன்னை வேண்டாத ஒருவரோடு இருந்ததாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பையனும் பின்னாலேயே போகப் போகிறான். போனால், இந்தக் காரணத்தைச் சுமந்துகொண்டுதான் போவான்.

அந்த வாரமே ஆஸ்பத்திரி முறை வந்தது. டாக்டர் பிரத்யுஷா வழக்கம்போல, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்காருங்க டாக்டர். நாடியெல்லாம் அடங்கிருச்சுங்க" என்றாள் பங்காரம்மா. போன தடவையும் அவள்தான் பதில் சொன்னாள். அதற்கு முந்தின தடவை, "பரவாயில்லீங்க" என்று அவரே சொன்னார்.

"நீ செத்த கம்முனு இரு" என்றார் பாலகோபால். மனைவியை அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் அவள் உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டாள். "டாக்டர், சம்பந்தி வந்தாருங்க. அவரைத் தாட்டியுட என்னால நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியலீங்க."

டாக்டர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்தார். எப்போதிலிருந்து, மூச்சு வாங்குகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, கால் வீங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்டை, வாளித் தண்ணீர், கம்பிச் சுற்று எல்லாவற்றையும் அவர் சொன்னார். பங்காரம்மா அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே பாதி தெரியாது. ஈசிஜி எடுத்தார்கள். நாடி ஐம்பதுக்கும் கீழே இருந்தது.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலீங்க?"

"நீங்க குடுத்த மாத்திரையைக் குறை சொல்ற மாதிரி இருக்குமேன்னுதானுங்க."

"மாத்திரை என்ன எனக்குச் சொந்தக்காரனா?" என்றார் டாக்டர். "துடிப்பை அடக்கத்தான் குடுத்தோம். அது உங்களையும் சேத்து அமுக்கி வெச்சிருக்கு. பாதியாக் குறைச்சுப் பாக்கலாம். நல்லாக் கேட்டுக்கங்க. குறைக்கறதுதான், நிறுத்தறதில்லை. திடீர்னு நீங்களா நிறுத்தினா நெஞ்சு தறிகெட்டு ஓடும். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையைத் தொடவே கூடாது, அது அப்படியே இருக்கட்டும். மறுபடி படபடப்பு வரலாம். நிக்காம அடிச்சா, மயக்கம் வந்தா, நெஞ்சு வலிச்சா, உடனே வந்துருங்க."

"அப்ப அலுப்பு போயிருமுங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். கோளாறே அலுப்புக் குடுக்கும். ரத்தசோகை, தைராய்டும் பாத்துரலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

வெளியே வந்து மருந்துக்குக் காத்திருந்தபோது பங்காரம்மா கேட்டாள். "இத்தனை நாளா எங்கிட்டக்கூடச் சொல்லலையே?"

"நீதான் நல்லா இருக்கறாருன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டு இருந்தியே."

அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

மாயமெல்லாம் நடக்கவில்லை. முதல் சில நாள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் சட்டைப் பித்தான் எல்லாவற்றையும் நின்றபடியே போட்டு முடித்திருப்பதைக் கவனித்தார். இன்னொரு நாள், கடையில் ஒரு மோட்டாரை முழுசாகச் சுற்றி முடித்தார். அன்று சாயங்காலமே நெஞ்சுக்குள் அந்தக் கோழி மறுபடி படபடத்தது. உட்கார்ந்து மூச்சை மெதுவாக விட்டார். சற்று நேரத்தில் தானாக அடங்கியது. மறு பரிசோதனையில் டாக்டர், இவ்வளவு போதும், இதே அளவில் இருக்கட்டும் என்றார். ரத்தம், தைராய்டு இரண்டிலும் குறையில்லை. தோளிலிருந்த மூட்டை இறங்கவில்லை. தோள் மாற்றிக்கொள்ள முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மூவரும் பவானிக்குக் கிளம்பினார்கள். யஷ்வந்த் கார் ஓட்டினான். பங்காரம்மா மல்லிகைப்பூவும் பழமும் மடியில் வைத்துக்கொண்டு, அங்கே என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று பெருந்துறை வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பாலகோபால் ஜன்னலில் சாய்ந்திருந்தார். பேசப்போகும் பேச்சுக்காகத் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொள்வதுபோல ஒன்றும் பேசவில்லை.

இரண்டு குடும்பமும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்கிறவர்கள். கல்யாணப் பேச்சு, சீர்ப் பேச்சு, சிரிப்பு எல்லாம் தெலுங்கில்தான் நடந்தன. அன்று வெங்கடபதி வாசலில் நின்று, "வாங்க வாங்க. உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதுங்களா?" என்று தமிழில் வரவேற்றார். தன் உரக்கடைக்கு வரும் புது ஆளிடம் பேசுவதுபோல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' விழுந்தது. பங்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

மௌனிகா வந்து கும்பிட்டாள். இலை போட்டு இட்லி, பணியாரம் எல்லாம் பரிமாறினார்கள். மரியாதையில் எள்ளளவு குறையில்லை. சாப்பிட்டதும் பாலகோபால் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தார்.

"பிரஷர் மாத்திரைங்களா மாமா?" என்றாள் மௌனிகா, தண்ணீரை வைத்துக்கொண்டே.

"ஆமா அம்மணி, பிரஷர்தான்" என்று பங்காரம்மா முந்தினாள்.

"இல்லை கண்ணு" என்றார் பாலகோபால். "நெஞ்சுக்கு."

அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தெலுங்கிலேயே சொன்னார். சித்திரையில் வந்தது, கல்யாணத்துக்கப்புறம் மாத்திரையைக் கூட்டியது, அது ஆளைச் சாய்த்துப் போட்டது, இப்போது குறைத்திருப்பது. சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்கத் தெம்பும் இல்லை. "அன்னைக்கு எந்திரிக்க முடியலை. எந்திரிக்கக் கூடாதுன்னு இல்லை" என்று முடித்தார்.

வெங்கடபதிக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமுங்களா? நாங்க என்ன பொண்ணைக் குடுக்க மாட்டோம்னு சொல்லியிருப்பமுங்களா? ஒறம்பரைன்னா எதுக்குங்க?" இதுவும் தமிழில்தான்.

"அதுக்கில்லீங்க சம்பந்தி" என்றாள் பங்காரம்மா. குரல் உடைந்தது. "உங்க பொண்ணு வரப்போற நேரம்தான் இப்படி ஆச்சுன்னு ஊரு பேசிருமேன்னு பயந்துட்டனுங்க. அந்தப் பேரு எனக்கு வந்துச்சு. அவளுக்கு வரக்கூடாதுன்னுதான் மறைச்சேன்."

வெங்கடபதி வாயைத் திறப்பதற்குள் பேசியது மௌனிகாதான்.

"ஊரு என்னமோ பேசிட்டுப் போகட்டும் அத்தை. மாமாவுக்கு என்னைப் புடிக்கலைன்னு தெனமும் ராத்திரி நான் அழுதனே, அதுக்கு ஊரு பேசியிருந்தாலே தேவலைங்க." அவள் பங்காரம்மாவைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்றிருந்த யஷ்வந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியும். நான் அழுதது தெரியும். பிரஷர்னு சொன்னீங்க."

யஷ்வந்த் தரையைப் பார்த்தான். அம்மா சொன்னாள் என்று சொல்லவும் முடியவில்லை.

"அந்தச் சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு" என்றார் பாலகோபால் சம்பந்தமில்லாமல். "நீ மொதல்ல சமைச்சது. உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் மெல்ல முடியலை."

மௌனிகா உள்ளே போய்விட்டாள். அலமாரியைத் திறந்து துணி எடுத்து வைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெங்கடபதி தன் மனைவியிடம் தெலுங்கில், "மோர் கொண்டா, அவருக்கு வேர்க்குது பாரு" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கப்புறம் கிளம்பினார்கள். மௌனிகா பையோடும் லேப்டாப்போடும் முன் ஸீட்டில் ஏறினாள். பாலகோபாலும் பங்காரம்மாவும் பின்னால். சித்தோடு தாண்டியதும் பாலகோபாலுக்குக் கண் சொக்கியது. மருமகள் கூட வருகிற நேரத்தில் தூங்கினால் மறுபடி என்ன ஆகுமோ என்று தலையை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தார். எதையாவது பேச வேண்டுமென்று வெளியே பார்த்து, "இந்தப் பக்கம் மழை இல்லையாட்ட இருக்குது" என்றார்.

மௌனிகா திரும்பினாள். "மாமா, தூக்கம் வந்தா தூங்குங்க. என்கிட்டப் பேசோணுமேன்னு முழிச்சுட்டு உக்காராதீங்க."

"நெசமாவா கண்ணு?"

"தூங்குங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். முன்னால் அவள் குரல் தணிந்து, ஆனால் விடாமல் யஷ்வந்திடம் பேசிக்கொண்டிருந்தது. தனி வீடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் அந்தப் பிரஷர் கதைக்குப் பதில் சொல்லுங்க என்றாள். அவன், "அது வந்து..." என்று இழுத்தான். மகனுக்காக நடுவில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பாலகோபாலுக்குத் தோன்றியது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவன் பாட்டுக்குச் சமாளிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவிநாசி வரும்வரை தூங்கினார்.